எதுகைக்கு அகராதி இல்லை

இரவு இரண்டு பத்து. டர்பன்.
லோட் ஷெட்டிங் முடிந்து மின்சாரம் வந்துவிட்டது.
திரையில் அந்த வட்டம் மட்டும் இன்னும் சுற்றுகிறது.

போர்ட் ஷெப்ஸ்டனிலிருந்து கேட்கிறார்கள்:
ஓ நெகட்டிவ்,
எங்கள் வட்டாரம்,
கடைசியாக ரத்தம் கொடுத்து
எட்டு வாரம் தாண்டியவர் யார் யார்?

பதில் மூன்றே பேர்.
மூன்று பேரைச் சொல்ல முப்பத்தெட்டு விநாடி.
சிஸ்டர் நொம்புசோ ஏசவில்லை.
போனில் அவர் மூச்சு கேட்டது.
அதை எண்ணாமல் இருக்கப் பார்த்தேன்.

இன்டெக்ஸ் இல்லாமல் இல்லை.
எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்த
குணசீலன் படையாச்சி போட்டுவிட்டுப் போனது:
தேதி, அப்புறம் வட்டாரம், அப்புறம் வகை.
அவர் கவலை வேறு.
இன்று எட்டு வாரம் நிறைகிறவர்களுக்கு
காலை எட்டு மணிக்குக் குறுஞ்செய்தி போக வேண்டும்.
'இன்று' ஒரு கதவு. தட்டினால் திறக்கும்.
'எட்டு வாரம் தாண்டி' கதவு இல்லை, தெரு.
முப்பது வருட நீளம்.
வீடு வீடாக ஏறி இறங்கி
ஓ நெகட்டிவ் உண்டா,
போர்ட் ஷெப்ஸ்டன் உண்டா என்று
கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
மோனை எனக்கு விளையாட்டு.
அகராதியில் ஒரு விரல் வைத்தால்
கடல், கணக்கு, கப்பல், கரும்பு,
எல்லாம் அக்கம்பக்கத்துக்காரர்கள்.
எதுகைதான் வதைத்தது.
கரும்பு ஒரு மூலையில்
இரும்பு ஒரு மூலையில்
துரும்பு எங்கோ நடுவில்.
இரண்டாம் எழுத்தால் தேடுகிறவளுக்கு
முதல் எழுத்தால் அடுக்கிய புத்தகம்
அடுக்காத புத்தகம்.

ஆகவே தேதி கடைசிக்குப் போகட்டும்.
மிச்சம் இரண்டில் எது முன்னால்?
அதிகம் வடிகட்டுவதை முதலில் வை என்பார்கள்.
வட்டாரம் நூற்று அறுபது. வகை எட்டுதான்.
அந்தக் கணக்கு எனக்குப் புரியும்:
மூட்லி என்று கூப்பிட்டால்
பாதி சாட்ஸ்வர்த் திரும்பிப் பார்க்கும்,
தேவாஷ்னி என்றால் நாலு பேர்.

ஆனால் வட்டாரத்தில் ஆள் இல்லாத இரவுகள் உண்டு.
அப்போது மாகாணம் முழுக்கக் கேட்பார்கள்.
வட்டாரம் கேள்வியிலிருந்து உதிர்ந்துவிடும்.
வகை உதிராது.
ரத்தம் என்ன வகை என்று சொல்லாமல்
எவரும் ரத்தம் கேட்டதில்லை.

வகை, வட்டாரம், தேதி.
எழுதிவிட்டு மறுபடி ஒருமுறை படித்தேன்.
கோயிலில் குருக்கள் கேட்பது நினைவுக்கு வந்தது:
கோத்திரம், நட்சத்திரம், பேர்.
எங்கள் வீட்டில் யாருக்கும் கோத்திரம் தெரியாது.
அந்த இடத்தில் சிவன் பேரைச் சொல்லிச் சமாளிப்போம்.
முதல் கட்டம் காலியாக இருந்தால்
அர்ச்சனையும் நகராது.

இரண்டையும் வைத்துக்கொள்ளேன் என்பீர்கள்.
மின்சாரம் திரும்பும் நிமிடம்
முகாம் வண்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுதும்.
ஒவ்வொரு கையையும் இரண்டு இடத்தில் பதிய வேண்டும்.
வரிசையில் யாராவது காத்திருந்தே ஆக வேண்டும்.
யார் என்பதுதான் கேள்வி.
பழையதை நீக்கினேன்.

மூன்று ஐந்துக்கு மறுபடி கேட்டுப் பார்த்தேன்.
அதே மூன்று பேர்.
வட்டம் தோன்றவே இல்லை.
சிஸ்டர் மறுபடி அழைக்கவில்லை.
அழைக்காதது நல்லதா கெட்டதா,
அதற்கு எங்களிடம் பத்தி இல்லை.

எட்டு மணிக் குறுஞ்செய்தி
எட்டு நாலுக்குத்தான் போனது.
குணசீலன், மன்னியுங்கள்.
அங்கே யாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை.

கிளம்பும் முன் ஒருமுறை பார்த்தேன்.
ஓ நெகட்டிவ், போர்ட் ஷெப்ஸ்டன்.
இப்போது இரண்டே பேர்.
மூன்றாவது வரியில்
தேதி இன்று என்று மாறியிருந்தது.
அது இருந்த இடம் விட்டு நகர்ந்து
தன் வட்டாரத்தின் கடைசியில் போய் நின்றது.